பத்து லட்சம் குறைத்தவன்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். நல்ல உத்தியோகம், இரண்டு குழந்தைகள், இருபது வருஷமாக வாடகை வீடு. இப்போது சொந்தமாக ஒரு வீடு வாங்குவதென்று தீர்மானித்துவிட்டார். வீட்டையும் பார்த்துவிட்டார். விலை பேச வேண்டியதுதான் பாக்கி.

"நீங்கள் கூட வரவேண்டும்" என்றார்.

"எனக்குக் கட்டடத்தைப் பற்றி என்ன தெரியும்? யாராவது ஓர் என்ஜினீயரை அழைத்துக்கொண்டு போங்கள்."

"என்ஜினீயர் வீட்டைத்தான் பார்ப்பார். நீங்கள் ஆளைப் பார்ப்பீர்கள். கதை எழுதுகிறவர் அல்லவா? 58 லட்சம் சொன்ன வீட்டை 48-க்கு முடித்தவர் என்று இந்தத் தெருவே சொல்கிறதே! தவிர, விற்கிறவருக்கு ஏதோ பண நெருக்கடியாம். நமக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை அவர் சொல்லாமல் இருந்திருந்தால், ஒருவேளை சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பியிருப்பேன். அவற்றைக் கேட்டதும் கையிலிருந்த காப்பி கசந்தது. "யோசித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு மனிதனுக்கு அவன் குடியிருக்கும் தெருவில் என்ன பெயர் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் எழுதிய நாவல்களில் ஒன்றையாவது படித்தவர்கள் என் தெருவில் மூன்று பேர் இருந்தால் அதிகம். ஆனால் வீட்டு விலையில் பத்து லட்சம் குறைத்தவன் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டுக்காரர் தம் மருமகனிடம் என்னை அப்படித்தான் அறிமுகம் செய்துவைத்தார். முதல் மூன்று நான்கு வருஷம் அந்தப் பெயர் எனக்கு இனிக்கவே செய்தது. எழுத்தாளன் என்றால் உலகம் தெரியாதவன் என்பது பொதுவான அபிப்பிராயம். அதைப் பொய்யாக்கிவிட்டோம் என்று உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அந்தக் கர்வத்தின் கதை இது.

2018-ஆம் வருஷம் தை மாதத்தில், கும்பகோணத்தில், காவிரிக்கு அதிக தூரமில்லாத ஒரு தெருவில் அந்த வீட்டைப் பார்த்தோம். 1986-ல் கட்டியது. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சிவப்பு ஆக்சைடு தரை, பின்புறம் கிணறு, கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலை மரம். சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எழுபதைத் தாண்டியவர். சட்டைப் பையில் இன்னும் இரண்டு பேனா வைத்திருந்தார்.

வீட்டைச் சுற்றிக் காட்டும்போது உள்ளறையில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. நாங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டோம். அவர்தான் கூப்பிட்டார். "இதைப் பாருங்க தம்பி" என்று காலண்டரைக் கழற்றிக் காட்டினார். பின்னால் சுவரில் ஒரு முழம் அகலத்துக்கு ஈரம் பூத்திருந்தது. "மேலே தளத்துலேருந்து இறங்குது. ஐப்பசியில வந்தா நல்லாத் தெரியும். கம்பி துருப்பிடிச்சிருக்கும்னு நினைக்கிறேன். வொயரிங்கும் பழசு. எல்லாம் மாத்தணும்னா ரெண்டு லட்சம் ஆகும். சொல்லாம வித்தேன்னு இருக்கக்கூடாது" என்றார்.

பிறகு காலண்டரை மறுபடி மாட்டி, அன்றைய தேதி தெரிகிறதா என்று பார்த்து நேராக்கினார்.

விலை 58 லட்சம் என்றார். "பேசிக்கலாம்" என்றும் சொன்னார்.

என்னிடம் எவ்வளவு இருந்தது? சேமிப்பும் வங்கிக் கடனுமாகச் சேர்த்து 60 லட்சம். அப்போது பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 4, ஆக 11. அது போக 54 லட்சம் வரை விலை கொடுக்க முடியும். வீடு என் மனைவிக்கும் பிடித்துவிட்டது. கிணற்றில் எட்டிப் பார்த்துவிட்டு வந்த அவள் முகத்திலேயே அது எழுதியிருந்தது.

அன்று மாலை தரகர் தனியாக வந்தார். "சார், ஒரு விஷயம் சொல்றேன், காதோட வச்சுக்குங்க. வாத்தியாரோட பொண்ணு கோயம்புத்தூர்ல கைக்குழந்தையோட தனியா நிக்குது. அதுக்காக அங்கே ஒரு ஃபிளாட் பேசி 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துட்டாரு. பங்குனிக்குள்ள முடிக்கலேன்னா அட்வான்ஸ் போச்சு. இந்த வீட்டை வித்தாத்தான் அந்த வீடு. வேற ஆளும் இப்போ வரலே. நீங்க அவசரப்படாதீங்க. அவர் அவசரப்படட்டும்."

அவர் சொன்னதன் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. நெருக்கடி இல்லாத மனிதர் ஒரு விலைக்குக் கீழே இறங்கமாட்டார். ஆனால் விற்காவிட்டால் 3 லட்சம் நஷ்டம் என்று இருக்கிறவர், அந்த விலைக்கும் கீழே இன்னும் 3 லட்சம் வரை இறங்கியே ஆகவேண்டும். இறங்கினாலும் நஷ்டம், இறங்காவிட்டாலும் நஷ்டம். இறங்கினால் மகளுக்கு ஒரு வீடாவது மிஞ்சும்.

நான் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அதன்பின் போய் 45 என்று ஆரம்பித்தேன். அவர் 55 என்றார். தளத்தைச் சொன்னேன், வொயரிங்கைச் சொன்னேன். அவை அவரே எனக்குக் காட்டிக் கொடுத்தவை. 52 என்றார். நான் எழுந்துகொண்டேன். எழுந்துகொண்டே, "சார், 48-க்கு மேல் என்னிடம் ஒரு காசுகூட இல்லை. உங்களுக்கும் காலம் போய்க்கொண்டிருக்கிறது" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தமக்குக் காலம் போவது எனக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. சற்று நேரம் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுக்கொண்டிருந்தார். "சரி" என்றார்.

வீடு திரும்பும் வழியில் என் மனைவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அவர் குறைச்சாரா, நீங்க குறைக்க வச்சீங்களா?"

"இரண்டும் ஒன்றுதானே!" என்றேன்.

இரண்டும் ஒன்றுதானா என்பதுதான் விஷயம்.

விலை பேசுவதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வாங்கவேண்டிய அவசியம் இல்லாதவர்கள். நம் ஊரில் 58 என்று சொல்லும்போதே அதற்குள் பேரத்துக்கு இடம் விட்டுத்தான் சொல்கிறார்கள். சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டால், 'இன்னும் கூடக் கேட்டிருக்கலாமோ?' என்று விற்றவருக்கே ஒரு வாரம் தூக்கம் வராது. பேரம் என்பது இரண்டு பேருக்கும் விதி தெரிந்த விளையாட்டு. ஒருவர் தாயக்கட்டையை உருட்டும்போது மற்றவர் கோபித்துக்கொள்வதில்லை.

ரோமாபுரியில் ஸ்கேவோலா என்று ஒரு சட்டமேதை இருந்தார். அவர் ஒரு நிலம் வாங்கப் போனார். "ஒரே விலையாகச் சொல்லிவிடுங்கள்" என்று விற்கிறவரைக் கேட்டார். அவரும் சொன்னார். "நிலம் இதைவிட அதிகம் பெறும் என்று எனக்குத் தோன்றுகிறது" என்று சொல்லி, கேட்ட விலைக்குமேல் ஒரு லட்சம் ஸெஸ்டர்ஸ் நாணயம் கூட்டிக் கொடுத்தார் ஸ்கேவோலா. இதை எழுதிவைத்தவர் ஸிஸரோ. ஸ்கேவோலா நல்லவர் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்களாம்; புத்திசாலி என்பதைத்தான் சிலர் ஒப்புக்கொள்ளவில்லையாம். இரண்டாயிரம் வருஷம் கழிந்தும் நம் தெருவிலும் அதே தீர்ப்புத்தான் கிடைக்கும். நான் ஸ்கேவோலா அல்ல. மாதத் தவணை கட்டுகிற எவனும் ஸ்கேவோலாவாக இருக்க முடியும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல.

ஆகவே கேள்வி, விலை பேசலாமா என்பதல்ல. எதைக் காட்டி விலை பேசலாம் என்பதுதான்.

நான் சட்டம் படித்தவனல்ல. கல்லூரிப் படிப்பையே நடுவில் விட்டவன். ஆனாலும் மனச்சாட்சி உறுத்துகிறவன் முதலில் தேடிப்போவது சட்டப் புத்தகத்தைத்தான். அதில் தனக்குச் சாதகமாக ஏதாவது இருக்காதா என்று பார்ப்பான். நானும் பார்த்தேன். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் பெறும் குதிரையை ஒருவன் பத்து ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொள்கிறான். மனமுவந்து ஒப்புக்கொண்டிருந்தால் அந்த ஒப்பந்தம் செல்லும். விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அது கெட்டுப்போகாது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆயிரம் ரூபாய்க் குதிரைக்குப் பத்து ரூபாய் கொடுத்தவனே தப்பித்துக்கொண்டான். 58-க்கு 48 கொடுத்த நான் எம்மாத்திரம்!

ஆனால் 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவைப் படித்தபோது அந்த நிம்மதி கொஞ்சம் கலைந்தது. வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை எதுவும் சொத்தில் இருந்து, அது விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால், அவர் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்கிறது அந்தப் பிரிவு. இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். அதே பிரிவு வாங்குகிறவர்மேலும் ஒரு கடமையைச் சுமத்துகிறது. அந்தச் சொத்தில் விற்கிறவருக்கு உள்ள உரிமையின் தன்மையைப் பற்றியோ அளவைப் பற்றியோ, அவருக்கே தெரியாத, மதிப்பைக் கணிசமாக உயர்த்தக்கூடிய விஷயம் ஒன்று வாங்குகிறவருக்குத் தெரிந்திருந்தால், அவர் அதை விற்கிறவரிடம் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரைக்கும் சட்டம் இதுதான். எதிராளியின் அறியாமையிலிருந்து இருவருமே லாபம் எடுக்கக்கூடாது என்பது அதன் எண்ணம்.

எதிராளியின் அறியாமையைப் பற்றி இவ்வளவு யோசித்த சட்டம், எதிராளியின் இக்கட்டைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வாத்தியாருக்குத் தெரியாத எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று, அவருடைய மகளின் கஷ்டம், எனக்கும் தெரிந்திருந்தது. அவ்வளவுதான். சட்டப்படி நான் சுத்தமானவன்.

சட்டம் நின்றுவிட்ட இடத்திலிருந்து ஒரு அடி மேலே போனவர் ஒருவர் உண்டு. ஜான் லாக் என்ற ஆங்கில ஞானி 1695-ல் விற்பனையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். அதில் ஒரு கேள்வி வருகிறது. நடுக்கடலில் ஒரு கப்பல் தன் நங்கூரங்களையெல்லாம் இழந்துவிட்டுத் தவிக்கிறது. எதிரே வருகிற கப்பலில் உபரியாக ஒரு நங்கூரம் இருக்கிறது. அதற்கு நியாயமான விலை என்ன? லாக்கின் பதில் சுருக்கமானது. தவிப்பு எதுவும் இல்லாத ஒரு கப்பலுக்கு அதே நங்கூரத்தை என்ன விலைக்கு விற்பாரோ, அதுதான் நியாய விலை.

இதைவிட எளிமையான அளவுகோல் எனக்குத் தெரியாது. அது விற்கிறவருக்குச் சொல்லப்பட்டது, வாங்குகிறவருக்கும் பொருந்தும். எந்த நெருக்கடியும் இல்லாத ஒருவர் இதே வீட்டை எனக்கு விற்றிருந்தால் நான் எவ்வளவு கொடுத்திருப்பேன்? அதிலிருந்து குறைத்த ஒவ்வொரு ரூபாயும் வீட்டின் விலையிலிருந்து குறைத்ததல்ல.

நம் வள்ளுவரும் வாணிகத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பிறர் பொருளையும் தம் பொருள்போலவே பேணவேண்டும் என்பது கருத்து. என்னைக் கவர்ந்தது கருத்து மட்டுமல்ல, அது இருக்கும் இடமும்தான். அந்தக் குறள் பொருட்பாலில் இல்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. வியாபாரம் சாமர்த்தியத்தின் கீழ் வருகிற விஷயமல்ல, தராசின் கீழ் வருகிற விஷயம் என்று அங்கே வைத்தார்கள் போலும்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. அவற்றை நானே எனக்குப் பல இரவுகள் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று: அவருடைய கஷ்டத்தை நான் உண்டாக்கவில்லை. நான் வராமலே போயிருந்தால் அவர் 3 லட்சத்தை இழந்து, மகளின் வீட்டையும் இழந்திருப்பார். நான் சரியான சமயத்தில் பணத்தோடு வந்தேன். அது உபகாரம் அல்லவா?

உபகாரம்தான். அதற்கு எனக்கு ஆன செலவை வாங்கிக்கொள்ளலாம். ஆறு வாரத்துக்குள் பணம் புரட்டுவதற்காக வங்கியில் போட்டிருந்த டெபாசிட்டை முதிர்வதற்கு முன்பே எடுத்தேன். அதனால் வட்டியில் எனக்கு நஷ்டம் 20,000 ரூபாய்க்குள். அதை அவரிடம் சொல்லிக் கழித்திருந்தால் அவரே, "நியாயம்தான்" என்று சொல்லியிருப்பார். நான் கழித்துக்கொண்டது 20,000 அல்ல.

இரண்டு: அவருக்குப் பதில் நான் இக்கட்டில் இருந்திருந்தால் அவர் மட்டும் விட்டிருப்பாரா? வீடு கிடைக்காமல் தவித்தவன் என்று தெரிந்தால் ஏற்றித்தானே சொல்லியிருப்பார்?

தெரியாது. ஒருவேளை ஏற்றியிருக்கலாம். ஏற்றியிருந்தால் நான் அதை ஊரெல்லாம் சொல்லிப் புலம்பியிருப்பேன். பிறர் எனக்குச் செய்தால் அநியாயம் என்று நிச்சயமாகத் தெரிகிற ஒன்று, நான் செய்யும்போது மட்டும் சாமர்த்தியமாகிவிடுகிறது. தவிர, காலண்டரைக் கழற்றிக் காட்டிய மனிதரைப் பற்றி இப்படி யூகம் செய்வதற்கே கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

மூன்று: பேரத்தில் எல்லோரும் பொய் சொல்கிறார்கள்.

இதை மட்டும் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். "48 தருகிறேன்" என்று சொல்வது பொய்யல்ல. அது ஒரு கேள்வி. என்னால் எவ்வளவு முடியும் என்பதைச் சொல்லாமல் இருப்பதும் பொய்யல்ல. என் பணப்பையைத் திறந்து காட்டும் கடமை எனக்கில்லை. ஆனால், "48-க்கு மேல் என்னிடம் ஒரு காசுகூட இல்லை" என்றேனே, அது பொய். 54 வரை இருந்தது. முதல் இரண்டு வாக்கியங்களோடு நான் நின்றிருக்கலாம். நிற்காததற்குக் காரணம், பொய்க்கு ஒரு பலம் இருந்தது. வேறு வழியில்லாத மனிதரிடம், 'எனக்கும் வேறு வழியில்லை' என்று சொன்னால் அவர் இரக்கப்படுவார். நான் அவருடைய நெருக்கடியை மட்டும் உபயோகித்துக்கொள்ளவில்லை. அவருடைய இரக்கத்தையும் உபயோகித்துக்கொண்டேன்.

இதெல்லாம் பிற்பாடு வந்த ஞானம். அதைக் கொண்டுவந்தவர் வாத்தியாரே.

2022-ஆம் வருஷம் மே மாதம், பழைய மாணவன் ஒருவனுடைய மகளின் கல்யாணத்துக்காக அவர் கும்பகோணம் வந்திருந்தார். வந்த இடத்தில் வீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். உள்ளே நுழைந்ததும் கண்கள் நேராக உள்ளறைக்குத்தான் போயின. "ஒழுகல் நின்னுடுச்சா தம்பி?" என்றார். நின்றுவிட்டது, வொயரிங்கும் மாற்றியாகிவிட்டது, அவர் சொன்னபடியே இரண்டு லட்சத்தை ஒட்டித்தான் ஆயிற்று என்றேன். கணக்குச் சரியாக வந்ததில் அவருக்குச் சந்தோஷம்.

காப்பி சாப்பிட்டார். மகளும் பேரனும் சௌக்கியம் என்றார். பேரனுக்குத் தானே கணக்குச் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. "சார், அன்றைக்கு இன்னும் கொஞ்சம் என்னால் கொடுத்திருக்க முடியும்" என்றேன்.

"தெரியும்" என்றார், தம்ளரைக் கீழே வைத்துவிட்டு. "முப்பத்தஞ்சு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். வீட்டுக் கணக்குப் போடாம வந்த பையன் கண்ணைப் பார்த்தாத் தெரியாதா?"

நான் தலைகுனிந்துகொண்டேன். அவர் சிரித்தார்.

"என் மனசுல 53 இருந்தது. 58 சொன்னது சும்மா, நீங்க குறைச்சுக் கேப்பீங்கன்னு. ரிப்பேருக்கு ரெண்டு போனா 51. 51-க்குக் கொடுத்துடலாம்னு இருந்தேன். நீங்க 48-ல நின்னுட்டீங்க. ஃபிளாட்டுக்கு அந்த மூணு இடிச்சுது. பென்ஷன் மேல கடன் போட்டேன். 48 தவணை. போன மாசந்தான் முடிஞ்சுது."

கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிற குரலில்தான் சொன்னார். அதில் குற்றம் சாட்டும் தொனி கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கோபித்துக்கொண்டிருக்கலாம்.

அன்று இரவு நான் குறைத்த பத்து லட்சத்தையும் ஒரு காகிதத்தில் பிரித்து எழுதினேன். 58-லிருந்து 53 வரை 5 லட்சம். அது விளையாட்டு, அவர் வைத்தார், நான் எடுத்தேன். 53-லிருந்து 51 வரை 2 லட்சம். அது தளத்துக்கும் வொயரிங்குக்கும்; வீட்டின் குறைக்கு வீட்டின் விலையில் கழிவு. ஆக 7 லட்சம் வரை என்மேல் ஒரு குற்றமும் இல்லை. தெருவில் என்னை, "ஏழு லட்சம் குறைத்தவன்" என்று சொன்னால் தலைநிமிர்ந்து ஏற்றுக்கொள்வேன்.

மிச்சம் 3 லட்சம். அதற்கு எதிரே என்ன எழுதுவது? வீட்டில் அதற்கு ஈடாக ஒரு குறையும் இல்லை. சுவரில் இல்லை, கிணற்றில் இல்லை, பத்திரத்தில் இல்லை. அது கோயம்புத்தூரில், கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணிடம் இருந்தது. அந்த 3 லட்சத்துக்கு நான் வீட்டை வாங்கவில்லை. ஒரு தகப்பனின் பயத்தை மலிவாக வாங்கினேன். அதற்குத்தான் அவர் நான்கு வருஷம் மாதாமாதம் தவணை கட்டியிருக்கிறார். நான் வங்கிக்குக் கட்டிய அதே மாதங்களில்.

அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேனா என்று வாசகர்கள் கேட்கலாம். கொடுக்கவில்லை. முடிந்துபோன கிரயத்துக்கு மறுபடி விலை பேசுவது அவரை அவமதிப்பதாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது கொடுத்தால் அது அவருடைய கஷ்டத்துக்காகக் கொடுப்பதல்ல, என் நிம்மதியை விலைக்கு வாங்குவது என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை, கொடுக்க மனம் வரவில்லை என்பதுதான். அநியாயமாகச் சம்பாதித்த பணமும் கைக்கு வந்து நான்கு வருஷம் ஆகிவிட்டால் சொந்தப் பணம் மாதிரியே ஆகிவிடுகிறது. இதையும் நான் அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

நண்பர் மறுபடி போன் செய்தபோது, வருகிறேன் என்று சொன்னேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். ஒரு காகிதத்தை எடுத்து நடுவில் கோடு கிழிக்கவேண்டும். இடது பக்கத்தில் வீட்டைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதவேண்டும்: கட்டடத்தின் வயசு, தண்ணீர், ஒழுகல், தெருவின் அகலம், பக்கத்தில் அண்மையில் போன விலைகள். வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பார்த்தபின் அவற்றில் கண்டதும் அங்கேதான் வரும். வலது பக்கத்தில் விற்கிறவரைப் பற்றித் தெரிந்தது. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்பதில் தவறில்லை, கேட்கத்தான் வேண்டும். சொத்தில் ஏதாவது தகராறு இருந்தால் அந்தப் பதிலில்தான் தெரியவரும். ஆனால் வருகிற பதில் வீட்டைப் பற்றியதாக இருந்தால் இடது பக்கம் எழுதுங்கள். ஆளைப் பற்றியதாக இருந்தால் வலது பக்கம் எழுதுங்கள். இடது பக்கத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் பேசலாம். நானும் கூடவே பேசுகிறேன். வலது பக்கத்திலிருந்து ஒரு ரூபாய்கூடக் கழிக்கக்கூடாது.

நண்பர் சற்று நேரம் யோசித்தார். அவர் கெட்டவரல்ல. என்னைப்போலவே மாதச் செலவை எண்ணிப் பார்க்கிறவர்.

"வலது பக்கத்தைக் கழிக்காவிட்டால் நமக்கு நஷ்டமாயிற்றே?" என்றார்.

"நஷ்டந்தான்" என்றேன். "நான் அந்த நஷ்டத்தைப் படாதவன். அதனால்தான் சொல்கிறேன்."